பாளி நூற் சங்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, இங்கிலாந்தில் தோன்றிய பாளி நூற் சங்கத்துக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு? (மாணவி, கொட்டாஞ்சேனை)

பதில்: அதன் வேரே இங்குதான் இருக்கிறது. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியில் உள்ள நூல்களை அச்சிட்டு வெளியிடும் இந்தச் சங்கத்தை 1881இல் நிறுவிய ரைஸ் டேவிட்ஸ், இலங்கையில் குடியியற் சேவை அதிகாரியாக இருந்த காலத்தில் யாத்திராமுல்லை தம்மாராம தேரரிடம் பாளி கற்றவர். அச்சுச் செலவுக்கே பணம் தேட வேண்டியிருந்த தொடக்க ஆண்டுகளில், காலியைச் சேர்ந்த அத்தபத்து முதலியார் குணரத்ன இங்குள்ள பிக்குகளிடம் சந்தாவும் ஏட்டுச்சுவடிகளும் திரட்டி அனுப்பினார். இதனை ஐரோப்பியப் புலமையின் தனிச்சாதனையாக எழுதுவோர் அந்தச் சந்தாதாரர் பட்டியலைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

கேள்வி: பாளிக்குத் தனி எழுத்து இல்லையா? (வாசகர், மருதானை)

பதில்: இல்லை. சிங்களம், பர்மியம், தாய், கெமர் என அந்தந்த நாட்டு எழுத்திலேயே எழுதினார்கள். சங்கம் உரோம எழுத்தைத் தேர்ந்துகொண்டது.

கேள்வி: தமிழர் இதில் அக்கறைகொள்ள என்ன இருக்கிறது? (ஆசிரியை, வெள்ளவத்தை)

பதில்: நிறையவே இருக்கிறது. பௌத்த மெய்யியலை விளக்கும் அபிதம்மாவதாரம் என்ற பாளி நூலை இயற்றிய புத்ததத்தர், சோழநாட்டுக் காவிரிப்பட்டினத்து விகாரையில் இருந்து எழுதியவர். பாளி உரையாசிரியர் புத்தகோசரோ தாம் காஞ்சியில் வாழ்ந்ததைத் தம் உரையொன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். தமிழகத்துப் பௌத்தம் என்றதும் மணிமேகலையோடு நிறுத்திக்கொள்ளும் நம் பாடத்திட்டங்கள் இவர்களை ஏன் ஒதுக்குகின்றன என்பது எனக்கு விளங்கவில்லை.

கேள்வி: பழைய பதிப்புகளை இன்றும் நம்பலாமா? (ஓய்வுபெற்ற நூலகர், தெமட்டகொடை)

பதில்: நம்பலாம், ஆனால் அடிக்குறிப்போடு சேர்த்து வாசிக்க வேண்டும். பல பதிப்புகளில் பக்கத்தின் கீழே 'எஸ்' என்ற குறி சிங்களச் சுவடியின் பாடத்தையும் (அதில் உள்ள சொல்வடிவத்தையும்) 'பி' என்ற குறி பர்மியச் சுவடியின் பாடத்தையும் காட்டும். அன்றைய பதிப்பாசிரியர்கள் கைக்கெட்டிய சில சுவடிகளை மட்டுமே ஒப்பிட்டார்கள். தாய்லாந்து, லாவோஸ் சுவடிகள் பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: சங்கத்தின் எதிர்காலம் என்ன? (ஆய்வு மாணவர், கொழும்பு)

பதில்: மூலநூல்களை முதன்முறை அச்சேற்றும் வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டதால், மறுபதிப்பும் அகராதியும் மொழிபெயர்ப்புமே இனி அதன் முதன்மைப் பணிகளாக இருக்கும். 1925இல் நிறைவுற்ற அகராதிக்கு மாற்றாக மார்கரெட் கோன் தொகுத்த புதிய அகராதியின் முதற்பகுதி 2001இல் வந்தது. ஓர் அகராதிக்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பதை அதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம். மூலங்கள் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் இக்காலத்தில், பாடவேறுபாடுகளை எடைபோடத் தெரிந்த பதிப்பாசிரியர்களை உருவாக்குவதே சங்கத்தின் பெரிய சவால். அந்தப் பயிற்சிக்கு வேண்டிய ஓலைச்சுவடிகள் கொழும்புத் தேசிய அருங்காட்சியக நூலகத்திலேயே இருக்கின்றன; சிங்கள எழுத்தை வாசிக்கப் பழகிய தமிழ் மாணவர் எவரும் அங்கே தொடங்கலாம்.