பெல்ட் தளர்வது ஏன்?

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை ட்ரெய்லரில் ஏற்றி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று ராட்செட் பெல்ட் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் கட்டுப்பட்டை) போடுகிறேன். நான்கையும் பம்பருக்குக் கீழே சேஸியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) மாட்டி, ராட்செட் அசையாத வரை இறுக்குகிறேன். கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தால் பெல்ட் தொங்குகிறது. இன்னும் இரண்டு சேர்க்கட்டுமா? வண்டியை இழுத்து ஏற்றும் வின்ச் கம்பியையும் அப்படியே மாட்டி விட்டால் போதாதா?

பதில்: நீங்கள் இருபது போட்டாலும் தொங்கும். சேஸி உட்கார்ந்திருப்பது ஸ்ப்ரிங் மேல். அதுவும் உங்கள் வண்டிக்குக் கரடுமுரடில் ஓட என்றே நீள ஸ்ப்ரிங் இருக்கும். ட்ரெய்லர் பள்ளத்தில் இறங்கும்போது சேஸி அமுங்கும், பெல்ட் தொளதொளவென்று ஆகும். பூட்டு இல்லாத கொக்கி என்றால் அந்த நொடியே கழன்று விழலாம். சேஸி திரும்ப எழும்பும்போது வெடுக்கென்று இழுக்கும். வழியெல்லாம் இதே கூத்துதான்.

இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஆக்சிலைக் கட்டுங்கள். அதற்கும் ட்ரெய்லர் பலகைக்கும் நடுவே டயர் மட்டும்தான் இருக்கிறது. மேலே வண்டி எவ்வளவு குதித்தாலும் பெல்ட்டுக்குக் கவலையில்லை. ஆக்சிலைச் சுற்றிப் போட தனிப் பட்டை கிடைக்கும். போடுமுன் சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை, கீழே படுத்துப் பாருங்கள்: பிரேக் பைப் ஆக்சிலை ஒட்டியே ஓடும், பட்டை அதை நசுக்கக் கூடாது. ஸ்டியரிங் ராடில் கொக்கி மாட்டவே வேண்டாம். ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளில் கட்ட ஆக்சில் குழாய் இருக்காது. அதற்கு டயரின் மேலேயே சுற்றிப் பிடிக்கும் பட்டை. மணலில் ஓட்டக் காற்றை இறக்கியிருந்தால், நிரப்பிவிட்டுக் கட்டுங்கள்.

முன் ஜோடி முன்பக்கமாகவும் பின் ஜோடி பின்பக்கமாகவும் இழுக்க வேண்டும். பலர் முன் பெல்ட்டை மட்டும் தடியாகப் போட்டு, பின்னால் பழைய பெல்ட்டை மாட்டிவிடுகிறார்கள். தலைகீழ்! சடாரென்று பிரேக் பிடித்தால் வண்டி பாயப்போவது முன்பக்கம். அதைப் பிடித்து நிறுத்துவது பின்பக்கத்து பெல்ட். நல்ல பெல்ட்டைப் பின்னால் போடுங்கள்.

பெல்ட்டில் தைத்திருக்கும் விவரச் சீட்டில் இரண்டு எடை போட்டிருக்கும். பெரியது அறுந்துபோகும் எடை. நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டியது வேலைப்பளு, அதாவது பெல்ட் பத்திரமாகத் தாங்கும் எடை, பெரும்பாலும் பெரியதில் மூன்றில் ஒரு பங்கு. 4,500 கிலோ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தால், உங்களுக்கு 1,500தான். வெயிலில் வெளுத்தது, ஓரம் பிரிந்தது, சீட்டே இல்லாதது எதையும் மாட்டாதீர்கள்.

வின்ச் வண்டியை ஏற்றத்தான். மணிக்கணக்கில் குலுக்கலைத் தாங்க அதன் பல்சக்கரம் செய்யப்படவில்லை. நான்கு மூலையும் கட்டியதும் கம்பியின் இழுப்பைத் தளர்த்திவிடுங்கள். ஹேண்ட் பிரேக், கியர், சக்கரக் கட்டை எல்லாம் கூடுதல் துணை, பெல்ட்டுக்கு மாற்று இல்லை. முதல் இருபது கிலோமீட்டருக்குள் நிறுத்தி ஒருமுறை இறுக்குங்கள்.

கேள்வி: வேகம் எடுத்தால் ட்ரெய்லர் வாலாட்டுகிறதே?

பதில்: ஜீப் பின்னால் தள்ளி நிற்கிறது. இழுக்கும் வண்டியின் பந்துக் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லரில், ஜீப்போடு சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தக் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது பரவலான கணக்கு. இழுக்கும் வண்டியின் புத்தகத்தில் உள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஜீப்பைச் சற்று முன்னே நகர்த்திக் கட்டுங்கள். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுங்கள்.