லினக்ஸ் கெர்னலை நாமே கம்பைல் செய்தால் பழைய லேப்டாப் வேகமாகுமா?

செய்து பார்த்தவன் சொல்கிறேன்: ஆகாது. வேகத்துக்காக என்றால் அந்த நேரத்தில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள்.

கெர்னல் என்பது லினக்ஸின் மையக்கரு; கம்பைல் என்றால் மூலநிரலிலிருந்து அதைக் கட்டுவது. கெர்னலில் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் நிரல்கள்), நம் மெஷினுக்குத் தேவையோ நூறு; மீதியை வெட்டிவிட்டால் பறக்கும் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் டெபியன், உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) தரும் கெர்னலில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலோடு ஒட்டியிருப்பதில்லை. தனித்தனி மாட்யூல்களாக லிப் மாட்யூல்ஸ் அடைவில் கிடக்கின்றன. ஒரு சாதனம் கண்ணில் பட்டதும் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் அதன் அடையாளத்தைப் பார்த்து உரிய மாட்யூலை ஏற்றும். அதுவரை அவை டிஸ்க்கில் இடம் அடைக்குமே தவிர மெமரியைத் தொடாது. அப்புறம் எதை வெட்டி என்ன லாபம்?

வெட்டினால் மிச்சமாவது கம்பைல் நேரம். முழுக் கட்டமைப்போடு என் பழைய லேப்டாப் மூன்று மணி நேரத்துக்கு மேல் அனல் கக்கியது. அப்போதுதான் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை கண்ணில் பட்டது. 2009-இல் வந்த கெர்னல் 2.6.32 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எல்எஸ்மாட் பட்டியலைப் பார்த்து, அந்த நிமிடம் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடும். அரை மணிக்குள் வேலை முடிந்தது. பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பென் டிரைவைச் செருகினேன். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டீமெஸ்ஸேஜில் புது யூஎஸ்பி சாதனம் வந்ததாக ஒரு வரி. அதற்கு மேல் மூச்சில்லை. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-யிலும் இல்லை. பென் டிரைவ் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன், அதுவும் அப்படியே! 'அந்த நிமிடம்' என்று மேலே சொன்னேனே, அதுதான் விஷயம். கட்டமைத்தபோது பென் டிரைவ் செருகியிருக்கவில்லை. அதனால் யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூல் பட்டியலில் இல்லை, கம்பைலும் ஆகவில்லை. கெர்னலைக் கட்டமைக்கும் மெனுகான்ஃபிக் திரையில் யூஎஸ்பி ஸ்டோரேஜ் வரிக்குப் போய் எம் (மாட்யூல்) அழுத்தி, மாட்யூல்களை மட்டும் மறுபடி கட்டி நிறுவினேன். ரீபூட்கூட தேவைப்படவில்லை. நீங்கள் செய்வதாக இருந்தால் பிரிண்டர், வெப்கேம், புளூடூத், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒருமுறை இயக்கிவிட்டு, பிறகு அந்தக் கட்டளையைக் கொடுங்கள்.

உண்மையில் பலருக்குத் தேவைப்படுவது கம்பைலே அல்ல. எனக்கு டெர்மினலில் பீப் சத்தம் எரிச்சல். அதற்கு, மாட்யூல்கள் எப்படி ஏற வேண்டும் என்று சொல்லும் ஈடிசி மாட்ப்ரோப்-டாட்-டி அடைவில் ஒரு கோப்பு, அதில் 'பிளாக்லிஸ்ட் பிசிஎஸ்பிகேஆர்' (பீப் ஸ்பீக்கரின் மாட்யூல்) என்று ஒரே வரி. முடிந்தது. ஆனால் பிளாக்லிஸ்ட் தானாக ஏறுவதைத்தான் தடுக்கும். வேறொரு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தால் கூடவே ஏறிவிடும். அறவே கூடாதென்றால் 'இன்ஸ்டால்' என்று தொடங்கி, மாட்யூல் பெயரை எழுதி, ஏற்றுவதற்குப் பதிலாக ஓட '/bin/false' நிரலைக் காட்டுங்கள். நூவோ (என்விடியா கார்டுகளுக்கானது) மாதிரி பூட்டின் தொடக்கத்திலேயே ஏறும் கிராபிக்ஸ் டிரைவர் என்றால் இனிட்ராம்எஃப்எஸ்-ஐயும் (பூட்டின்போது முதலில் மெமரியில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய படிவம்தான் ஓடும்.

சரி, ஆசை விடவில்லை, கம்பைல் செய்தே தீருவீர்கள் என்றால் டிஸ்ட்ரோ தந்த கெர்னலை அழிக்காதீர்கள். பூட்டின்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் க்ரப் மெனுவில் அது இருக்கட்டும். என் முதல் முயற்சியில் ரூட் டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டத்தையே அணைத்துவிட்டிருந்தேன். அன்று ராத்திரி அந்தப் பழைய கெர்னலில்தான் உள்ளே போனேன்.