கணக்கு அக்கா பதில்கள்: ராத்திரி லாரி

இரண்டு இதழ்களுக்கு முன், தூக்கம் வரவில்லை என்று எழுதிய ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, "நான் படுக்கும்முன் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் லாரி ஓட்டுவேன்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவர் தூங்கினாரா தெரியாது, எனக்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஆகவே வருமான வரி, வாடகை ஒப்பந்தம் எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த முறை வீடியோ கேம் கேள்விகள் மட்டும்.

பகல் முழுக்க ஆடிட்டர் ஆபீஸ், ராத்திரி லாரி டிரைவர் வேலையா? விளையாட்டு என்றால் ஓய்வு அல்லவா அம்மா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்காசி*

சார், இதையே என் வீட்டுக்காரரும் கேட்டார், சிரித்துக்கொண்டே. நிஜத்தில் நான் ஸ்கூட்டிக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. அதையும் சுவரோரம் நிறுத்த யாராவது கைகொடுக்க வேண்டும்.

நான் ஓட்டுவது 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2'. செக் நாட்டுப் பிராக் நகரத்தில் இருக்கும் எஸ்சிஎஸ் சாப்ட்வேர் என்ற கம்பெனி 2012-ல் வெளியிட்டது. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. ராட்டர்டாமில் சரக்கு ஏற்ற வேண்டும், காலேயில் கப்பலில் ஏற வேண்டும், டோவரில் இறங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சிக்னலில் நிற்காவிட்டால் அபராதம். இருட்டிய பிறகு விளக்குப் போடாவிட்டால் அதற்கும் அபராதம். ரொம்ப நேரம் ஓட்டினால் டிரைவருக்குக் கொட்டாவி வரும், எங்காவது ஒதுக்கிப் போட்டுத் தூங்க வேண்டும். பிரான்சில் வலப்பக்கமாகவே ஓட்டிப் பழகியபின், டோவரில் இறங்கியதும் நம்மூர் மாதிரி இடப்பக்கம் வர வேண்டியிருக்கும். பிறந்ததிலிருந்து இடப்பக்கம் போகிறவள்தான் நான். அங்கே தடுமாறுவேன்.

கடைசியில் டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்து ஒரு கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். அதில்தான் உயிர் போகும். ஸ்டியரிங்கை இடதில் ஒடித்தால் டிரெய்லர் வலதில் போகும். கொஞ்சம் கூடுதலாக ஒடித்துவிட்டால் வண்டி முழங்கை மாதிரி மடங்கி நின்றுவிடும். பின்னால் நின்று பாடியைத் தட்டி "வரலாம், வரலாம்... போதும்" என்று சொல்ல கிளீனர் இல்லை. முதல் தடவை எனக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. இந்தத் தொல்லை வேண்டாம் என்று தாண்டிப் போகவும் ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்க மானம் இடம் தரவில்லை.

வண்டியை நிறுத்தியதும் திரையில் ஒரு கணக்குச் சீட்டு வரும். இத்தனை கிலோமீட்டர், இத்தனை கூலி, சேதாரத்துக்கு இத்தனை பிடித்தம். அந்தச் சீட்டுக்காகத்தான் சார் நான் ஓட்டுகிறேன். மாதம் 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். 19-ம் தேதி சாயங்காலம் ஒரு பார்ட்டி மஞ்சப்பையைக் கவிழ்த்து பில்களை என் மேஜையில் கொட்டுவார். அதில் பாதி மழையில் நனைந்த பில். ராத்திரி ஒன்பது மணி வரை என்ட்ரி போட்டு முடித்தால் எனக்கு மிஞ்சுவது அடுத்த மாதம் 19-ம் தேதி. முப்பது வருஷமாக ஊர் வரவு செலவையெல்லாம் நேராக்கிக் கொடுத்தவளுக்கு, பட்ட பாட்டையும் கிடைத்த கூலியையும் ஒரே பக்கத்தில் எழுதிக் காட்டியது அந்த லாரிதான். வேலையே அலுத்துவிட்டது என்று நினைத்திருந்தேன். கணக்கு நேராகாத வேலைதான் அலுத்திருக்கிறது போல.

கேமுக்குள் வங்கி, வட்டி எல்லாம்கூட வருமாமே?
*வங்கி ஊழியர், கரூர்*

வரும். உங்களுக்குப் பொறாமை வரும்படி வரும். நிண்டெண்டோவின் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' 2020 மார்ச் 20-ல் வெளியானது, நம் நாட்டில் ஊரடங்கை அறிவிப்பதற்கு நான்கு நாள் முன்னால். ஒரு தீவில் குடியேறி மரம் நட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும். வீடு கட்டித் தருபவர் டாம் நூக். தனுக்கி என்ற ஜப்பானிய விலங்கின் உருவத்தில், இலை போட்ட சட்டையோடு நிற்பார். முதல் வீட்டுக்கு 98,000 பெல் கடன். பெல் என்பது அந்தத் தீவின் காசு. வட்டி கிடையாது, தவணைத் தேதி கிடையாது, ஜாமீன் கையெழுத்தும் கேட்க மாட்டார். நீங்கள் ஆறு மாதம் அந்தப் பக்கமே போகாவிட்டாலும் வாசலில் ஆள் வந்து நிற்க மாட்டான். இந்த நிபந்தனையில் கடன் கொடுக்கிற மேனேஜரை உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊருக்கு மாற்றும் என்று எனக்குத் தெரியும்.

சேமிப்புக்கு மட்டும் வட்டி உண்டு. சிலர் மெஷினின் கடிகாரத்தை வருஷக்கணக்கில் முன்னே தள்ளிவைத்து வட்டியை அள்ளினார்கள். ஏப்ரலில் ஒரு அப்டேட் வந்தது, வட்டி சடாரென்று குறைந்துவிட்டது. வெளியே நிஜ வங்கிகளும் வட்டியைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. பொம்மை வங்கி என்று பார்க்காமல் ஜனங்கள் கொதித்தார்கள். அப்புறம் டர்னிப் வியாபாரம், முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு பன்றிக்குட்டி டர்னிப் விற்கும். வாங்கி வைத்து, வாரத்துக்குள் விலை ஏறும்போது விற்றுவிட வேண்டும். அடுத்த ஞாயிறு வந்தால் அழுகிவிடும். கோயம்பேட்டில் தக்காளி எடுப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு வேடிக்கையாக இருந்தது இதுதான். அந்த வருஷம் நிஜ வீட்டுக் கடன் தவணையைத் தள்ளிப்போட முடியுமா என்று பகலில் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்த ஒரு பையன், ராத்திரி கண்விழித்து டாம் நூக்கின் கடனை அடைத்துக்கொண்டிருந்தான். "அது மட்டும்தான் அக்கா குறையுது" என்றான்.

என் மகனுக்கு 14 வயது. என் போனிலிருந்து ஒரு கேமுக்கு 1,850 ரூபாய் கட்டியிருக்கிறான். கேட்டால் வைரம் வாங்கினேன் என்கிறான். போனைப் பிடுங்கி வைத்துவிடட்டுமா?
*ஒரு தாய், திருப்பூர்*

ஒரு வாரம் பிடுங்கி வையுங்கள், தப்பில்லை. ஆனால் முதலில் யுபிஐ பின் நம்பரை மாற்றுங்கள். அது அவனுக்குத் தெரிந்திருந்தது உங்கள் பக்கத் தவறு.

என் தம்பி மகனிடம் இதே கதை நடந்தது. அவன் ஆடிய கேமின் பெயர் வேண்டாம், நூற்றில் ஒன்று. நான் பேப்பரும் பேனாவுமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் வாங்க நினைத்தது கேமுக்குள் போடும் ஒரு சட்டை. விலை 120 வைரம். வைரம் என்றால் கேமுக்குள் செல்லும் காசு, அதை நிஜ ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். கடையில் வைரம் 100 அல்லது 300 என்றுதான் கிடைக்கும். 100 போதாது, இரண்டு கட்டு வாங்கினான். 80 மிச்சம். அந்த எண்பதைச் சும்மா விட மனசு வருமா? இன்னும் 40 போட்டால் தொப்பி. மறுபடி 100 வாங்க வேண்டும், மறுபடி மிச்சம். சட்டையின் விலை ரூபாயில் எவ்வளவு என்று எந்தத் திரையிலும் எழுதியிருக்கவில்லை. பொருட்காட்சியில் வாசலிலேயே டோக்கன் வாங்கவைத்து உள்ளே விட்டால், ராட்டினம் எவ்வளவு என்று யாரும் யோசிப்பதில்லை அல்லவா? அதே சங்கதி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரூபாயை எழுதச் சொன்னேன். எழுதி முடித்துப் பார்த்துவிட்டு, "அத்தை, இது நான் போட்டிருக்கிற நிஜச் சட்டையைவிட விலை ஜாஸ்தி" என்றான். நான் வேறெதுவும் சொல்லவில்லை.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதிர்ஷ்டப் பெட்டி. உள்ளே என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறப்பது. ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் பிளாஸ்டிக் உருண்டைக்குள் பொம்மை விழும் மெஷின் உண்டு, கச்சாபோன் என்பார்கள். அதை வைத்தே இந்த வகைக்குக் 'கச்சா' என்று பெயர் வந்தது. துண்டு துண்டாக முழு செட்டையும் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற தந்திரத்தை அந்த ஜப்பானே 2012-ல் சட்டவிரோதம் என்றது. பெல்ஜியம் 2018-ல் காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளைச் சூதாட்டக் கணக்கில் சேர்த்தது. பெட்டிக்கடையில் பத்துப் பைசாவுக்குப் பிரைஸ் அட்டை கிழித்தவர்கள்தானே நாமும்? நாம் கிழித்தபோது கடைக்காரர் எட்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். உங்கள் பையனுடைய கடை அவன் தலையணைக்கு அடியில் விடிய விடியத் திறந்திருக்கிறது. திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் லாரி கேமிலும் கூடுதல் நாடுகள் வேண்டுமானால் தனியாக வாங்க வேண்டும்தான். ஆனால் விலையை ரூபாயில் போட்டிருக்கிறார்கள்.

ஆன்லைன் ரம்மியும் வீடியோ கேமும் ஒன்றுதானே?
*வாசகர், சேலம்*

இல்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தனியாகப் பிரித்துத்தான் தடை போட்டது. மேலே திருப்பூர் அம்மாவுக்குச் சொன்ன அதிர்ஷ்டப் பெட்டி மதில்மேல் பூனை.

பல்லாங்குழியும் தாயமும் ஆடிய எங்கள் காலத்தில் இந்தப் பைத்தியம் எல்லாம் கிடையாது.
*வாசகி, காரைக்குடி*

பெரியம்மா, பகடை உருட்டி நாட்டையும் மனைவியையும் தோற்றுக் காட்டுக்குப் போனவர்கள் கதையைத்தானே கூத்தில் விடிய விடியப் பார்த்தீர்கள்?

கேமை கேமாகப் பாருங்கள் அக்கா. அதில் போய் வாழ்க்கையைத் தேடுவது ஓவராக இல்லையா?
*கல்லூரி மாணவர், கோவை*

நான் தேடிப் போகவில்லை தம்பி. 'ஈவ் ஆன்லைன்' கதையைக் கேளுங்கள். ஐஸ்லாந்தின் சிசிபி கம்பெனி 2003-ல் தொடங்கிய விண்வெளி கேம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் கூட்டணி கட்டி, கப்பல் கட்டி, சண்டை போடுவார்கள். 2014 ஜனவரியில் ஒரு கூட்டணி, தன் வசம் இருந்த நட்சத்திர மண்டலத்துக்குக் கட்ட வேண்டிய தொகையைக் கட்டாமல் விட்டுவிட்டது. பாத்தியதை போயிற்று. எதிரிகள் புகுந்தார்கள். சுமார் 21 மணி நேரச் சண்டை, ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். கூட்டம் தாங்காமல் கேம் தன் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்துக்கொண்டது. டைட்டன் என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. நிஜப் பணத்தில் சுமார் 3 லட்சம் டாலர் நஷ்டம் என்று கணக்குப் போட்டார்கள்.

எத்தனையோ ஒளியாண்டு தள்ளிப் போயும் கடைசித் தேதிக்குள் கட்டாத பார்ட்டி அங்கேயும் இருக்கிறார்! அந்தக் கம்பெனி 2007-லேயே தன் கேமுக்கென்று ஒரு பொருளாதார நிபுணரைச் சம்பளத்துக்கு வைத்தது. ஒரு கணக்குப் பிள்ளையையும் வைத்திருக்கலாம்.

தமிழ்நாட்டுச் சமையலை வைத்து ஒரு கேம் வந்ததே, விளையாடினீர்களா?
*வாசகி, ஸ்காபரோ, கனடா*

'வெண்பா'தானே? உங்கள் டொரோண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. மறு வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்ப் பெண், அழிந்தும் கிழிந்தும் போன அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டை வைத்துக்கொண்டு சமைப்பாள். மறைந்துபோன வரியை நாம் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்குவதே ஒரு புதிர், ஓட்டைக்கு நேர் மேலே குழி வரும்படி மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "இதில் என்ன புதிர் இருக்கிறது?" என்றார். மறுநாள் காலை அவரையே அடுக்கச் சொன்னேன். மேல் தட்டு இட்லி வெந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

நீங்கள் முதன்முதலில் விளையாடியது என்ன கேம்?
*வாசகர், மதுரை*

1990-களில் தம்பி அழுது அடம்பிடித்து ஒரு டிவி கேம் செட் வாங்கினான். கேசட் மேலே ஆயிரக்கணக்கில் கேம் என்று போட்டிருக்கும், உள்ளே பத்துக்கு மேல் தேறாது. படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊத வேண்டும். ஊதும் வேலை எனக்கு, ஆடும் வேலை அவனுக்கு.

அதில் வாத்து சுடும் கேம் இருந்தது, 'டக் ஹன்ட்'. பிளாஸ்டிக் துப்பாக்கியை அவன் யாருக்கும் தர மாட்டான். இந்த ஆட்டத்தில் கன்ட்ரோலருக்கு என்ன வேலை என்று அதை என் மடியில் தூக்கிப் போட்டுவிடுவான். ஒருநாள் சும்மா அம்புக்குறியை அமுக்கிக்கொண்டிருந்தேன். வாத்து நான் அமுக்கிய பக்கம் திரும்பியது. மறுபடி அமுக்கினேன், மறுபடி திரும்பியது. ஒரு வாத்து வரும் ஆட்டத்தில் மட்டும் அப்படி ஒரு வசதி உண்டு. அந்த லீவு முழுக்க அவனுக்கு ஒழுங்காக ஒரு வாத்து விழவில்லை. நாய் எழுந்து நின்று சிரிக்கும். அவன் துப்பாக்கியைக் கழற்றித் துடைப்பான், கடைக்காரரைத் திட்டுவான், டிவிக்கு ஒரு அடி தள்ளி உட்கார்ந்து பார்ப்பான். நான் பாவாடை மடிப்புக்குள் கையை வைத்துக்கொண்டு "பாவம்டா" என்பேன்.

இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அவன் இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை.