இருபதாயிரத்துக்குள் பயமில்லாத ஒரு வீடு

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வருகிறேன். டவுனில் ஒரு மருந்துக்கடை, இரவு எட்டு மணிக்குத்தான் வேலை முடியும். கணவர் இல்லை. அம்மாவும் ஏழு வயது மகளும் என்னோடு வருகிறார்கள். வாடகை, கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. ஒருவர் கொக்குவில் பக்கம் போகாதே, வாள்வெட்டு என்கிறார். இன்னொருவர் குருநகர் வேண்டாம் என்கிறார். நல்லூரில் கேட்கிற வாடகை எனக்கு எட்டாது. எந்த இடம் பாதுகாப்பு?
– ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, ஊர்ப் பெயரை வைத்து நான் பதில் சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கு உதவாது. வாள்வெட்டுச் செய்தி வந்தால் ஊரின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும், ஆனால் அவற்றில் அநேகமானவை குழுக்களுக்குள் இருக்கிற பகையில் நடப்பவை, அதே ஊரில் இரண்டு ஒழுங்கை தள்ளிச் சனம் இரவிலும் படலையடியில் நின்று கதைத்துக்கொண்டிருக்கும். குருநகர் வேண்டாம் என்றவர் அங்கே ஒரு மாதமாவது இருந்து பார்த்தாரா என்று கேளுங்கள். வீடுகள் நெருக்கமாக உள்ள, ஆளை ஆள் தெரிந்த இடத்தில் தனியாக நடந்து வரும் பெண்ணை நாலு பேர் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பெரிய மதிலும் பூட்டிய படலையுமாக, வீட்டுக்காரர் எல்லாரும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஒரு "நல்ல" ஒழுங்கையில் நீங்கள் கூப்பிட்டாலும் ஓடி வர ஆள் இல்லை.

உங்களுக்கு முக்கியம், இரவு எட்டு மணிக்குக் கடையை விட்டு வெளிக்கிட்டதில் இருந்து வீட்டுப் படலையைத் திறக்கும் வரைக்குமான நேரம். இங்கே பொழுதுபட்டால் மினி பஸ் குறைந்துவிடும், தினமும் ஆட்டோ பிடித்தால் வாடகையில் மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். அதனால் பெரிய வீதியை ஒட்டித் தேடுங்கள். காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், கோண்டாவில், பருத்தித்துறை வீதியில் கல்வியங்காடு, இருபாலை, மானிப்பாய்ப் பக்கம் ஆனைக்கோட்டை, கண்டி வீதியில் அரியாலை, இவை எல்லாம் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ வரக்கூடிய தூரம், நல்லூரை விட வாடகையும் இறங்கி வரும். திருநெல்வேலியில் நேரம் செலவழிக்காதீர்கள் என்பேன். அங்கே கம்பஸ் (பல்கலைக்கழக) பிள்ளைகள் ஆளுக்கு இவ்வளவு என்று பகிர்ந்து கொடுப்பதால், ஒரு குடும்பம் தனியே அதே வாடகையைத் தாங்குவது கஷ்டம்.

வீட்டைப் பகலில் பார்த்துப் பிடித்துவிட்டதா? சரி, அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்புங்கள். அன்றைக்கோ அடுத்த நாளோ இரவு எட்டரைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு சந்தியில் இருந்து அந்த வீடு வரை நடந்து பாருங்கள். மின்கம்பத்தில் லைட் எரிகிறதா, நடுவில் பற்றை வளர்ந்த வெறுங்காணி இருக்கிறதா, நாய்கள் எப்படி, மதகில் குந்தியிருக்கிறவர்கள் யார், எத்தனை வீட்டில் உள்ளே வெளிச்சம் தெரிகிறது, எல்லாம் அப்போதுதான் விளங்கும். சந்திக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்து, முன்னுக்கு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று சும்மா கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாத கதை இல்லை.

உங்களைப் போல மூன்று பேருக்கு, வீட்டுக்காரரும் அதே வளவில் இருக்கிற அனெக்ஸ்தான் (பெரிய வீட்டோடு சேர்ந்த சின்ன வீடு) நல்லது என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வயதான தம்பதிக்கும் வளவுக்குள் ஆள் இருப்பது ஒரு தெம்பு, உங்கள் அம்மாவுக்கும் பகலில் பேச்சுத்துணை. ஆனால் உங்கள் கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், மலசலகூடம் வளவின் கோடியில் இருக்கக் கூடாது, உங்கள் வாசலின் திறப்பு (சாவி) வேறு யாரிடம் இருக்கிறது என்று நேராகவே கேட்க வேண்டும். குடிபோன அன்றே சொல்லிவிட்டுப் பூட்டை மாற்றுங்கள், நல்ல வீட்டுக்காரர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

வெளிநாட்டுக்காரரின் முழு வீடு மலிவாகக் கிடைத்தால் இரண்டு விஷயம் பாருங்கள். வாடகை வாங்குகிறவருக்கு அற்றோணித் தத்துவம் (வீட்டுக்காரருக்குப் பதிலாகச் செயல்படச் சட்டப்படி எழுதிக் கொடுத்த அதிகாரம்) இருக்கிறதா, அல்லது சும்மா திறப்பு வைத்திருப்பவரா? அப்புறம், நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டுக்காரர் வருவாரா? 25 நாள் திருவிழா, அந்த நேரம் பார்த்து "நாங்கள் வருகிறோம், ஒரு மாதம் வேறு எங்காவது இருங்கோ" என்றால் பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கே போவீர்கள்? இதை முதலிலேயே பேசி எழுத்தில் வையுங்கள்.

எழுத்து என்றதும் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வாடகைக் குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதுகிறவர்) முன்னால் எழுதப்பட்டால்தான் சட்டப்படி செல்லும். இது 1840-ம் ஆண்டின் 7-ம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிற விதி. இங்கே பெரும்பாலும் வாய்ப்பேச்சில் அல்லது ஒரு தாளில் கையெழுத்தில் முடித்துவிடுகிறார்கள், பிறகு அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும்போதுதான் அழுகை. நொத்தாரிசுக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. அந்த உடன்படிக்கையோடு போய் கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள், மகளின் பள்ளிக்கூடத்துக்கு வதிவிட அத்தாட்சி கேட்கும்போது கைகொடுக்கும். முற்பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள், கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

கரண்ட் பில்லில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் ஒரே மீட்டர் என்றால், நீங்கள் 50 அலகு, அவர்கள் 50 அலகு பாவித்தாலும் பில் 100 அலகுக்கு வரும். மாதம் 60 அலகைத் தாண்டினால் கட்டண வகையே மாறி விலை ஏறிவிடுகிறது, பாதிப் பாதி என்று பிரித்தாலும் நீங்கள் தனி மீட்டரில் கட்டுவதை விடக் கூடக் கட்டுவீர்கள். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கிணற்றை எட்டிப் பார்க்காமல் வராதீர்கள். நம்முடைய நிலம் சுண்ணாம்புக்கல், மலக்குழியில் இருந்து ஊறுவது கெதியாகக் கிணற்றுக்குப் போய்விடும், சின்ன வளவுகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் மலக்குழியில் இருந்து வந்து கலக்கிற நைத்திரேற்று என்ற உப்பு போகாது. கடலேரிப் பக்கம் என்றால் தண்ணீரை வாயில் வைத்து உவர்ப்புப் பாருங்கள். குடிதண்ணீர் காசுக்கு வாங்க வேண்டி வந்தால் அதையும் வாடகையோடு கூட்டுங்கள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு தெரிந்தால் கார்த்திகை, மார்கழி மழைக்கு உள்ளே வெள்ளம் வந்த வீடாக இருக்கலாம்.

119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ், 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். அம்மாவின் போனிலும் போட்டு வையுங்கள்.

கேள்வி: வீடு பிடித்திருந்தது, வாடகையும் சரி. "சொந்த ஊர் எது, எந்தக் கோயிலடி, அங்கை ஆர் சொந்தக்காரர்" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். அடுத்த நாள் வீடு போய்விட்டது என்றார். "வாடகைக்கு" என்ற பலகை இன்னும் தொங்குகிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம்

பதில்: அவர் கேட்டது சாதி. அதை வேறு பெயரால் மூட எனக்கு விருப்பமில்லை. அரசியலமைப்பின் 12-ம் உறுப்புரை கடை, ஹோட்டல், பொது வழிபாட்டு இடம் போன்றவற்றில் சாதி பார்த்து ஆளைத் தடுக்கக் கூடாது என்கிறது, ஆனால் தனியார் வீட்டு வாடகை அந்தப் பட்டியலில் இல்லை. இது எனக்கு மிகவும் கோபம் தருகிற ஓட்டை. வாடகை ஒழுங்காக வருமா, வீடு துப்புரவாக இருக்குமா என்று வீட்டுக்காரர் கேட்கட்டும், அது நியாயம். கோயிலடியைத் தெரிந்து அவருக்கு என்ன ஆகப் போகிறது? ஊரை மாற்றிச் சொல்லி வீடு எடுக்காதீர்கள், பிறகு ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டு இருக்க வேண்டி வரும். வேலைத்தலத்தில் சொல்லி வையுங்கள். கூட வேலை செய்பவர் காலி பண்ணுகிற வீடு, அவருடைய வாய்ச்சொல்லோடு போனால், இந்த விசாரணை பாதியாகக் குறையும்.

கேள்வி: பேஸ்புக்கில் படம் பார்த்தேன். வீட்டைக் காட்டுவதற்கே தரகர் 5,000 ரூபாய் போடச் சொல்கிறார். போடலாமா?
– வாசகர், வவுனியா

பதில்: போடாதீர்கள் தம்பி. படம் யாருடைய வீட்டுப் படமாகவும் இருக்கலாம். தரகர் காசு திறப்பு கைக்கு வந்த பிறகுதான், அதுவும் வீட்டுக்காரரை நேரில் கண்டு பேசிய பிறகு.