பதிமூன்று பேர் நலம், ஒருத்தி எங்கே?

அம்மாவுக்கு வணக்கம்.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. மூன்றாமாண்டு படிக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் பதினான்கு பேருக்கு என்னை மென்ட்டராகப் போட்டிருக்கிறார்கள். ஜூலையிலிருந்து இவர்களுக்காகத்தான் ஓடுகிறேன். லைப்ரரி கார்டு வாங்கிக் கொடுத்தது, ரெக்கார்டு நோட்டில் எங்கே கோடு போடவேண்டும் என்று காட்டியது எல்லாம் நான்தான். ஒரு தேங்க்ஸ் கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் நான் போடுவதைப் பார்ப்பார்கள், பதில் போடமாட்டார்கள். இன்டர்னல் வந்தால் மட்டும் 'அக்கா, போன வருஷக் கேள்வித்தாள் இருக்கா?'

அப்பத்தா சுட்ட சீப்புச்சீடையை ஒரு தூக்கு நிறையக் கொண்டுபோனேன். ஐந்து நிமிஷத்தில் காலி. யார் செய்தது என்றுகூட எவளும் கேட்கவில்லை. ஒருத்தி தன் பங்கைக் கர்ச்சீப்பில் முடிந்துகொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடியே போனாள். கல்லலில் இருந்து வருகிறவள், ரொம்ப அமைதி. தீபாவளி லீவுக்குப் போனவள் மூன்று வாரமாக வரவில்லை, போனும் எடுக்கவில்லை. முன்னால் ஒருமுறை, அரசு தருகிற புதுமைப் பெண் உதவித்தொகை ஏறவில்லை என்றாள். ஆபீஸில் கேள் என்றேன். மாத ரிப்போர்ட்டில் 'அனைவரும் நலம்' என்றே எழுதிவிட்டேன். என் குழுவில் ஒருத்தி நின்றுவிட்டாள் என்று பெயர் வரக்கூடாதே. அதை விடுங்கள்.

பக்கத்துக் குழு மென்ட்டருக்கு அவள் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். என் பிறந்தநாள் செப்டம்பரில் வந்து போனது, ஒரு மெசேஜ் இல்லை. நன்றி கெட்டவர்களுக்கு எதற்கு உழைக்க வேண்டும்? பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

– பள்ளத்தூர் மகள்

*

மகளே,

கேக்கைப் பிறகு பேசலாம். 'அதை விடுங்கள்' என்றாயே, அதை நான் விடுவதாயில்லை.

பிள்ளைகளின் குறையையெல்லாம் வரி விடாமல் பேரேட்டில் ஏற்றியிருக்கிறாய். செட்டிநாட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கல்லல் பெண்ணின் பக்கத்தில் பொய்க்கணக்கு எழுதிவிட்டாய். உன் பெயருக்காக எழுதிய அந்த ஒரு வரியால், அவளைத் தேடவேண்டியவர்கள் தேடாமல் இருக்கிறார்கள். கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

சீடையைத் தின்றவர்கள் மேலும் கோபம், முடிந்து எடுத்துப்போனவள் மேலும் கோபம் உனக்கு. தின்ன ஆசையில்லாமலா முடிந்தாள்? வீட்டில் தம்பியோ தங்கையோ இருக்கும். அப்படிப்பட்டவளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் என்னவென்று யோசித்துப் பார். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டு வரும் பெண்ணுக்கு உரிய பணம் அது. ஏறாமல் நிற்பதற்கு, வங்கிக் கணக்கோடு ஆதார் சேராதது மாதிரி ஒரு சின்னக் காரணமே போதும். ஆனால் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நின்று அதைக் கேட்க, அவளுக்கு வாய் வரவேண்டுமே. கேள்வித்தாள் கேட்கிறவர்கள் உன்னை விட்டால் இன்னொருத்தியிடம் கேட்டுக்கொள்வார்கள். அவள் ஒரே ஒருமுறை வாய் திறந்தாள், அதுவும் உன்னிடம்.

நாங்கள் படித்தபோது சீனியர் எதிரே வந்தால் வராண்டா மாறிப் போவோம். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே 1997-இல்தான் வந்தது. உன் பிள்ளைகள் தூக்கைக் காலி செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள் என்றால், உன்னிடம் அவர்களுக்குப் பயமே இல்லை. வீட்டு அக்காவுக்கு எந்தத் தங்கச்சி தேங்க்ஸ் சொல்லியிருக்கிறாள்? நீயே யாருக்காவது சொல்லியிருக்கிறாயா?

இப்போதைக்கு எதையும் எழுதிக் கொடுக்காதே. நாளைக் காலையில் பொறுப்பாசிரியரிடம் போய், 'ரிப்போர்ட்டில் தப்பாக எழுதிட்டேன் மேடம்' என்று சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். கல்லலுக்கு அவர்களோடு போ. தனியாகப் போய் நிற்காதே. பணமா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, கல்யாணப் பேச்சா, இங்கிருந்து சொல்ல முடியாது. பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதை மேடம் பார்த்துக்கொள்வார். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதற்குள் திரும்பிவிட்டாள் என்றால் செமஸ்டர் தப்பும்.

போகும்போது ஒரு தூக்குச் சீடை கொண்டுபோ. யார் செய்தது என்று இந்தத் தடவை நீயே சொல்லிவிடு.