தேக்கோ ஈட்டியோ, முதலில் டிரேயைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: கண்காட்சியில் வாங்கிய மாமரக் காபி டிரே சில மாதங்களிலேயே வளைந்து, மேஜையில் வைத்தால் ஆடுகிறது. அடுத்ததைத் தேக்கில் செய்யச் சொல்லவா, ஈட்டி மரத்திலா (ரோஸ்வுட்)?

பதில்: பழியை மாமரத்தின் மேல் மட்டும் போடாதீர்கள். பச்சைப் பலகையில் செய்தால் தேக்கும் வளையத்தான் செய்யும். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஓர் அடி அகலத் தேக்குப் பலகைகூடப் பருவத்துக்குப் பருவம் 2 மில்லிமீட்டர் அளவுக்கு நகரக்கூடும். அதை நான்கு பக்கமும் பசை போட்டு ஆணியடித்து இறுக்கினால் வேறு வழியின்றி வளையும், இல்லையேல் வெடிக்கும்.

உங்கள் டிரேயைக் கவிழ்த்துப் பாருங்கள். ஓரமெங்கும் ஆணித் தலைகள் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். கைதேர்ந்த ஆசாரி சட்டத்தின் உட்புறம் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, அடிப்பலகையைப் பசையில்லாமல் அதில் செருகி, இருபுறமும் சிறிது இடம் விடுவார். பலகையின் வெட்டுமுனையையும் பாருங்கள். ரேகைகள் நெட்டுக்குத்தாக நின்றால் நல்லது. வில்லாக வளைந்திருந்தால் அந்தப் பலகை குழிய வாய்ப்பு அதிகம்.

இனி மரம். என் ஓட்டு தேக்குக்கு. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. தண்ணீர் சிந்தினால் தாங்கும். புது மரத்தைவிட, இடித்த வீட்டின் உத்திரமோ கதவோ பழைய மரக்கடையில் கிடைத்தால் விடாதீர்கள். பல பத்தாண்டுகள் காய்ந்த கட்டை அது. ஈட்டி அழகுதான், ஆனால் கனம். ஆறு டபரா-டம்ளரை ஏந்தி நடப்பவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். போதாததற்கு, ஈட்டி மரங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் வந்தது. கடைகளில் ‘ரோஸ்வுட்’ என்று விற்பது பல நேரம் அதன் உறவான ஷீஷம். மோசமில்லை, ஈட்டி விலை மட்டும் கொடுக்காதீர்கள். செலவு குறைய வேண்டுமா? வைரம் பாய்ந்த பலா போதும்.

தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம். அது உலராது, நாளடைவில் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெயை மேலும் கீழும் ஒரே அளவு பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரம் குடித்து மறுபடி வளையும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடேறித் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.