வாசகர் கேள்வி-பதில்: சிறகில்லாச் சிலந்தியும் ஷிவன் டிராகனும்

கேள்வி: ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் கார்டு ஆட்டத்தில் என் மகன் ஷிவன் டிராகனைக் கொண்டு தாக்க, என் தம்பி மகன் ஜெயன்ட் ஸ்பைடரால் அதைத் தடுத்துவிட்டான். பறக்கும் டிராகனைச் சிறகில்லாத சிலந்தி தடுப்பதாவது என்று வீட்டில் ஒரே சண்டை. யார் பக்கம் நியாயம்?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தங்கள் தம்பி மகன் பக்கம்தான். ஃப்ளையிங் (பறக்கும்) திறன் கொண்ட பிராணியை, அதே திறனோ ரீச் என்னும் திறனோ உடைய பிராணிதான் தடுக்க முடியும். ஜெயன்ட் ஸ்பைடருக்கு ரீச் உண்டு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே கட்டிய வலையில் பறக்கும் பூச்சிகள் சிக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பிராது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993-இல் வெளிவந்த முதல் தொகுப்பிலேயே இவ்விரண்டு கார்டுகளும் உள்ளன. அக்காலத்துப் பழைய கார்டில் ரீச் என்ற சொல் இராது. ஆனாலும் இன்றைய விதிப்படி அத்திறன் அதற்கும் பொருந்தும்.

தடுத்த பின் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். டிராகனின் வலிமை (அது விளைவிக்கும் சேதம்) 5, தாங்குதிறன் (அதைக் கொல்லத் தேவையான சேதம்) 5. சிலந்திக்கு முறையே 2, 4. ஆகவே சிலந்தி மடியும், டிராகன் பிழைக்கும். ஆனால் டிராகனுக்கு டிராம்பிள் (தடுக்கும் பிராணியைக் கொன்றதுபோக எஞ்சும் சேதத்தை எதிராளி மீது செலுத்தும்) திறன் இல்லாததால், தங்கள் மகன் சிவப்பு மானா என்னும் மந்திர ஆற்றலைச் செலவழித்து அதன் வலிமையைப் பத்தாக்கினாலும், எதிராளியின் உயிர்ப்புள்ளியில் ஒன்றுகூடக் குறையாது.

கேள்வி: பசிலிஸ்க் காலர் என்னும் அணிகலன் கார்டை மாட்டிய என் கொலோசல் டிரெட்மாவை நண்பனின் ஷிவன் டிராகன் தடுத்தது. ஒரு புள்ளிச் சேதம்தான் தன்னைச் சேரும் என்கிறான் அவன். ஐந்து என்கிறேன் நான்.
– கல்லூரி மாணவர், ஏற்காடு

பதில்: ஐந்துதான். டிரெட்மா வலிமை 6 கொண்ட, டிராம்பிள் உடைய டைனோசர். டிராம்பிள் மட்டும் இருந்தால், தடுக்கும் பிராணியைக் கொல்லப் போதுமான சேதத்தை அதற்கு ஒதுக்கிவிட்டு எஞ்சியதை எதிராளி மீது செலுத்தலாம். அக்கணக்கில் டிராகனுக்கு 5 போக மிச்சம் 1, நண்பர் போட்ட கணக்கு இதுவே. காலரோ தன்னை அணிந்த பிராணிக்கு டெத்டச், லைஃப்லிங்க் இரண்டையும் தருகிறது. டெத்டச் உள்ள பிராணி விளைவிக்கும் ஒரே ஒரு புள்ளிச் சேதமும் கொல்லப் போதுமானதாகக் கருதப்படுவதால், டிராகனுக்கு 1 ஒதுக்கி, 5-ஐ நண்பர் மீது செலுத்தலாம். போதாக்குறைக்கு, விளைவித்த சேதத்தின் அளவுக்கு உயிர்ப்புள்ளி தரும் லைஃப்லிங்க் தங்களுக்கு 6 உயிர்ப்புள்ளிகளைக் கூட்டும். இருவருமே அதை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது! 20 உயிர்ப்புள்ளிகளில் தொடங்கும் ஆட்டத்தில் இது சிறிய வேறுபாடன்று. டிராகன் தரையில் நடக்கும் பிராணியைத் தடுத்ததில் தவறில்லை; ஃப்ளையிங் அதற்குத் தடையாகாது.

கேள்வி: களத்தில் இறக்கிய பிராணியைக் கொண்டு அதே முறையில் (டர்னில்) தாக்க முடியாது என்பது ஏன்? பச்சை மானா தரும் பிராணியான லானோவார் எல்வ்ஸுக்கும் இந்தத் தடை உண்டா?
– வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: எதிராளிக்கு மறுமொழி தர ஒரு வாய்ப்பு வேண்டும் அல்லவா? தங்கள் முறை தொடங்கும்போதே தங்கள் வசம் களத்தில் இருந்த பிராணிதான் அம்முறையில் தாக்கலாம். ஹேஸ்ட் (வந்தவுடன் தாக்கும்) திறன் உள்ளவை விதிவிலக்கு. எல்வ்ஸுக்கும் தடை உண்டு. வந்த முறையிலேயே அதன் கார்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பச்சை மானா எடுக்கவும் இயலாது. எனினும் அடுத்து வரும் எதிராளியின் முறையில் அது தாராளமாகத் தடுக்கலாம்.